மேற்கே திருப்பி நிறுத்திய ஜீப்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக ஒருவனைத் துரோகி என்று சொல்ல முடியுமா? என்னைச் சொன்னார்கள். சோம்பேறி என்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், குடிகாரன் என்றிருந்தால் வாயை ஊதிக் காட்டியிருப்பேன். துரோகி என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் காது சூடாகிறது.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்த சமயம் அது. பிரிந்தது பிரிந்துவிட்டது, எல்லை மட்டும் முடிவாகவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இழுபறி நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய், வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள், எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு எழுதி மேலே அனுப்ப, சித்தூரில் ஓர் அதிகாரியைப் போட்டிருந்தார்கள். அவருக்கு ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். அந்த ஜீப்புக்கு நான் டிரைவர்.

ஜீப் யுத்தத்துக்காக வந்து, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் கைமாறிக் கைமாறி எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆரணியாற்று மணலில் மற்ற வண்டிகள் புதைந்து நிற்கும்போது அது முனகிக்கொண்டே ஏறிப் போய்விடும். கதவு கிடையாது, கூரை கித்தான் துணி, டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க். அதன் மேல் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். எனக்கு அந்த வண்டி மேல் கொள்ளை ஆசை.

நானும் இழுபறியில் இருந்த அந்த ஊர்களில் ஒன்றிலிருந்து வந்தவன். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும் என்று வளர்ந்தவன். நீ எந்தப் பக்கம் என்று வழியெல்லாம் கேட்பார்கள். ஸ்டீயரிங் பக்கம் என்பேன். நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா கூலிக்கு அடுத்தவர் மாட்டுவண்டியை ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த வேலை போனால் மறுபடி யாரோ ஒருவருடைய களத்து மேட்டில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஒரு நாளும் மறந்ததில்லை.

தொல்லை கார்த்திகையில் ஆரம்பித்தது. மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. காலையில் சோக்கை இழுத்து, காலால் ஸெல்ப் பொத்தானை மிதித்தால், எஞ்சின் உடனே பிடிக்கும். இரண்டு இருமல் இருமும். பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிடும். அப்புறம் எத்தனை மிதித்தாலும் கிரகிரவென்று சுற்றுமே தவிர எழுந்திருக்காது. பேட்டரி சோர்ந்ததும் முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றுவேன். ஒருமுறை ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிப்போனது. கடைசியில் பியூன்கள் நான்கு பேர் கேட் வரைக்கும் தள்ளி, ரோட்டில் இறக்கி, ஒரு வழியாகக் கிளம்பும்போது வெயில் ஏறியிருக்கும்.

அதற்குள் கிராமத்தில் காரியம் கெட்டிருக்கும். விடிந்ததிலிருந்து மரத்தடியில் காத்திருந்த ஜனங்கள், அதிகாரி வரவில்லை என்று கழனிக்கும் தறிக்கும் கலைந்து போயிருப்பார்கள். கூப்பிட்டு எழுத ஆள் இருக்காது. மூன்று ஊர்களில் இப்படி ஆயிற்று. மூன்றும் தெலுங்குக்காரர்கள் அதிகம் இருந்த ஊர்கள். அது தற்செயல்தான். ஆனால் தற்செயலை நம்பாத ஒருவர் எங்கள் ஆபீசில் இருந்தார்.

அவர் ஹெட் கிளார்க். பஞ்சகச்சமும் மூடின கோட்டுமாக வருவார். ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து ஆபீசில் தெலுங்கைத் தவிர வேறு பேசமாட்டார். தமிழில் மனு வந்தால் விரல் நுனியால் தள்ளிவிட்டு, "அரவம் சதவடம் ராது," தமிழ் படிக்க வராது, என்பார். அவர் சவரக் கடை பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை மேய்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது அவர் பாடு என்று விட்டிருந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டிப் போட்டேன். பிளக் ஒயரை எஞ்சின் உடம்பருகே பிடித்துப் பார்த்தேன், பொறி நீலமாகப் பளிச்சென்று விழுந்தது. பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். சோக் கம்பி சரியாக மூடுகிறதா என்று பார்த்தேன், மூடியது. எல்லாம் சரி, வண்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. பனிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, ராத்திரிக்கு பானட் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திவிட்டுப் போனேன். என் முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பிறகு திருப்பதிக்கு ஓட்டிப்போனேன். ஸ்டேஷன் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்த ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். இந்த மாதிரி ஜீப்புகளைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவர். நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "காலைல குளிர்ல பார்த்துடலாம், வண்டிய உட்டுட்டுப் போ," என்றார். நான் சத்திரத்தில் படுத்து எழுந்து விடியற்காலையில் போனேன். மிதித்தேன். முதல் மிதியிலேயே எழுந்து சீராக ஓடிக்கொண்டே இருந்தது. சித்தூரைவிடக் குளிர் அதிகம் அன்றைக்கு.

மெக்கானிக் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "இன்னா நைனா, நல்லாக் கீற வண்டிய இட்டாந்து என் ஒரு நாள் பொழப்பக் கெடுத்துட்ட?"

நான் வெட்கத்தோடு திரும்பினேன். மறுநாள் காலை சித்தூரில் மிதித்தேன். இரண்டு இருமல், அடக்கம்.

அடுத்த வாரம் பிச்சாட்டூரில் முகாம். மூன்று ராத்திரி அங்கே தங்கினோம். மூன்று காலையும் வண்டி என்னைக் கேலி செய்வதுபோல் தொட்டவுடன் கிளம்பியது. ஊர் ஜனங்கள் எல்லோரும் வந்து நின்று, தங்கள் வீட்டுத் தமிழைப் பதிந்துகொண்டார்கள். சித்தூருக்குத் திரும்பியதும் வண்டி பழையபடி படுத்துக்கொண்டது.

ஹெட் கிளார்க்குக்கு இது போதும். அவர் அதிகாரியிடம் என்ன சொன்னார் என்பதை வாசலில் நின்ற பியூன் அப்படியே வந்து ஒப்பித்தான். தமிழ்க் கிராமத்துக்கு என்றால் வண்டி ஓடுகிறது, தெலுங்குக் கிராமத்துக்கு என்றால் ஓடுவதில்லை. வண்டிக்குப் பாஷை தெரியாது, டிரைவருக்குத் தெரியும். அவன் சொந்த ராஜ்யத்துக்குத் துரோகம் செய்கிறான்.

அன்று மாலையே கையில் ஒரு காகிதம் வந்தது. எங்கள் பக்கத்தில் அதைச் சஞ்சாயிஷீ என்பார்கள். ஏன் உன்னை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் எழுத்தில் விளக்கம் கொடு என்று கேட்பது. அதிகாரி கெட்டவர் அல்ல. கடற்கரை ஜில்லாக்காரர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, குரலை உயர்த்தாதவர். என்னைக் கூப்பிட்டுத் தெலுங்கில் நிதானமாக ஒரே கேள்வி கேட்டார். "அங்கே கிளம்புகிற வண்டி இங்கே ஏன் கிளம்புவதில்லை? எனக்கு இதற்கு மட்டும் பதில் சொல்."

"தெரியலீங்க. தெரிஞ்சா சரி பண்ணமாட்டேனா? என் கைய ஒடைக்கப் பார்த்த வண்டிங்க அது," என்று தெலுங்கிலேயே சொல்லி வீங்கிய மணிக்கட்டை நீட்டினேன். ஹெட் கிளார்க் ஓரமாக நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். வேலையைத் தூக்கி எறியப் போகிறேன் என்றேன். என் பெண்சாதி கேழ்வரகு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "எறி. எறிஞ்சா அவுரு சொன்னது நெஜம்னு ஆயிடும். அதுக்கப்புறம் நீ ஊருக்குள்ள எப்டி தல நிமிந்து நடப்ப?" என்றாள்.

அதிகாரி கேட்ட கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே நின்றது. அங்கே ஏன், இங்கே ஏன். கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால், அது மெக்கானிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இருட்டுவதற்குள் ஆபீசுக்குத் திரும்பி பானட்டைத் திறந்து எஞ்சினைத் துடைத்தேன். எஞ்சினோடு சேர்ந்த பெட்ரோல் பம்பின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், கசடு தங்குவதற்காக. அதில் பெட்ரோல் விளிம்பு வரை நின்றது. மறுநாள் காலை, மிதிப்பதற்கு முன்னால், முதலில் பானட்டைத் திறந்தேன். கிண்ணம் காலி. அடியில் ஈரம் மட்டும் பளபளத்தது.

இத்தனை நாளும் நான் பானட்டைத் திறந்தது அரை மணி நேரம் மிதித்து, சுற்றி, தள்ளி, வேர்த்த பிறகு. அதற்குள் பம்பு மறுபடி இழுத்துக் கிண்ணத்தை நிரப்பியிருக்கும். அதனால்தான் ஒரு நாளும் கண்ணில் படவில்லை. கார்ப்பரேட்டரில் மிச்சம் இருந்த துளியில் இரண்டு இருமல், அதற்கப்புறம் வர வேண்டிய பெட்ரோல் வழியிலேயே இல்லை. ஆனால் அது எங்கே போனது? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது, ஒழுகின தடயம் இல்லை.

அப்போது என் பெண்சாதி வீட்டிலிருந்து ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். வாங்கித் தட்டையான பானட் மேல் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, மோரு ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது?"

பார்த்தேன். மோர் சீட்டுப் பக்கம் விளிம்பைத் தொட்டது, மூக்குப் பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. கண்ணுக்குச் சமதரையாகத் தெரிந்த முற்றம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல ஏறிக்கொண்டு போகிறது. வண்டி கிழக்கே மூக்கைத் தூக்கி நிற்கிறது. பம்பில் பெட்ரோலைத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கும் வால்வு தேய்ந்திருக்க வேண்டும். ராத்திரி பூராவும் பெட்ரோல் பின்னுக்கு வழிந்து, சீட்டுக்கு அடியில் டேங்குக்கே போய்விடுகிறது. திருப்பதிப் பட்டறை சமதரை. பிச்சாட்டூர் முகாம் சமதரை. ஆபீஸ் இந்தக் கட்டடத்துக்கு மாறி வந்ததும் கார்த்திகையில்தான். பழியை முழுக்கப் பனி ஏற்றுக்கொண்டிருந்தது.

கிழக்கே திருப்பி நிறுத்தியது யார்? நான்தான். எவரும் சொல்லவில்லை. நைனா மாட்டை அவிழ்த்ததும் வண்டியின் நுகத்தடி கிழக்கே பார்க்கும்படி தள்ளி வைத்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருக்கும் எவனும் அப்படித்தான் செய்வான். விடிகிற சூரியன் வண்டி முகத்தில் விழ வேண்டும். நானும் ஜீப்பின் மூக்கில் சந்தனம் வைத்து, காணிப்பாக்கம் பிள்ளையார் படம் ஒட்டி, தினமும் கிழக்கே பார்க்க நிறுத்திக் கற்பூரம் காட்டினேன். காட்டிவிட்டு மிதித்தேன். அது இருமி அடங்கியது. என்மேல் எனக்கே வந்த ஆத்திரத்தில் ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

"நாளைலேர்ந்து திருப்பி நிறுத்திடறேன். தீந்துச்சு," என்றேன்.

"தீராது," என்றாள் அவள். "கடுதாசி குடுத்த மறுநாளே வண்டி கெளம்பிச்சுன்னா இன்னா சொல்லுவாங்க? பயந்துட்டான், சேட்டைய உட்டுட்டான்னு சொல்லமாட்டாங்க? அவுங்க கண்ணெதிர்ல காட்டு."

நேராக அதிகாரி அறைக்குப் போனேன். இரண்டு காலை மட்டும் கேட்டேன். வண்டியை நான் தொடமாட்டேன், ஹெட் கிளார்க்கே ஸ்டார்ட் செய்யட்டும் என்றேன். ராத்திரி நான் வந்து எதையாவது பிடுங்கிவிடுவேன் என்று சந்தேகம் இருந்தால் முத்திரை வைக்கட்டும் என்றேன். அதிகாரி ஒத்துக்கொண்டார். "சரே" என்றார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் கிழக்கே பார்த்து நிறுத்தினேன். ஹெட் கிளார்க் ஃபைல் கட்டும் சிவப்பு நாடாவை பானட்டின் இரண்டு பக்கக் கொக்கியிலும் கோத்து, அரக்கை உருக்கி ஊற்றி, ஆபீஸ் முத்திரையை அழுத்தினார். சீட்டைத் தூக்கி டேங்க் மூடிக்கும் ஒரு முத்திரை. கஜானாவுக்குக்கூட அவ்வளவு அரக்கு செலவழித்திருக்க மாட்டார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஒரு பயம். நாளைக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகித் தொலைத்தால்? எந்த டிரைவரும் வேண்டாத ஒன்றை நான் அன்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன், வண்டி படுத்துக்கொள்ள வேண்டும் என்று.

காலையில் ஆபீசே முற்றத்தில் கூடியிருந்தது. ஹெட் கிளார்க் முத்திரையைக் குனிந்து பார்த்து, உடையவில்லை என்று தலையாட்டினார். கச்சத்தைத் தூக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். நான் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, சோக்கை இழுங்க, காலால மிதிங்க என்று சொல்லிக்கொடுத்தேன். பிடித்தது. இருமியது. அடங்கியது. அவர் மிதித்தார், மிதித்தார், கோட்டுக்குள் வேர்க்கும் வரை மிதித்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

அன்று மாலை அவர்கள் எதிரிலேயே வண்டியைத் திருப்பி, மூக்கு மேற்கே இறங்கி நிற்கும்படி வைத்தேன். பியூன்கள் முணுமுணுத்தார்கள். "மேக்கால பாத்து நிறுத்தாதேண்ணா, காரியம் வெளங்காது," என்றான் ஒருவன். "கெழக்கால பாத்து நிறுத்தி வெளங்கினது போதும்டா," என்றேன். மறுபடி நாடா, மறுபடி அரக்கு.

மறுநாள் காலை அதற்கு முந்திய நாளைவிடப் பனி. ஊருக்கு வெளியே நிற்கும் மலையே தெரியவில்லை. ஹெட் கிளார்க் முத்திரை பார்த்தார், ஏறினார், இழுத்தார், மிதித்தார். எஞ்சின் எழுந்தது. இருமவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தத் தெரியாமல் அவர் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கொஞ்ச நேரம் அப்படியே பார்க்கவிட்டு, அப்புறம்தான் போய் சுவிட்சை அணைத்தேன்.

நாடாவை வெட்டி, கிண்ணத்தைக் காட்டி, மோர்ச் சொம்பை மறுபடி பானட் மேல் வைத்து, எல்லாவற்றையும் அதிகாரிக்குத் தெலுங்கில் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் தவறாக நிறுத்தியது நீதானே?" என்றார்.

"நான்தாங்க."

"அதை எழுதிக் கொடு. சஞ்சாயிஷீக்குப் பதில் வேண்டும்."

எழுதினேன். தமிழில் எழுதினேன். எனக்குத் தெலுங்கு எழுதவும் தெரியும், அவர்களுக்கும் அது தெரியும். ஹெட் கிளார்க் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், விரல் நுனியால் தள்ளினார். அரவம் செல்லாது, தெலுங்கிலோ இங்கிலீஷிலோ எழுதச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் சொன்னார்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். "ஊர் ஊராப் போயி, உங்க வீட்ல இன்னா பேசறீங்கன்னு கேட்டு எழுதிக்கினு வர்றமே சார். என் வீட்ல இதான். நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்கு இத நல்லாப் படிக்கத் தெரியும். அவரே படிக்கட்டும்," என்றேன். அதைத் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னேன், தப்பிக்க வழி இல்லாதபடிக்கு.

அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்து ஹெட் கிளார்க் பக்கம் நீட்டி, மரியாதையாகவே, "சதவண்டி" என்றார். படியுங்கள்.

அவர் படித்தார். திக்கவில்லை, திணறவில்லை. என் கோணல் கையெழுத்தையும் தாண்டி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி படித்தார். "வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தியது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். என்னைத் துரோகி என்றது என் தவறல்ல. அதைச் சொன்னவர் ஒப்புக்கொள்ள வேண்டும்." கடைசி வரியில் மட்டும் குரல் இறங்கியது. பிறகு அதையே தெலுங்கில் சொன்னார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை, அதை மட்டும் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். தன் பிழைப்புக்குத் தன் வாயையே கட்டிப்போட்டிருந்த மனிதன்மேல் எனக்கு அந்த நிமிஷம் இரக்கம் வந்தது. வந்ததை விரட்டிவிட்டேன்.

அதிகாரி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தை அப்படியே, தமிழிலேயே, என் சர்வீஸ் ஃபைலில் வைக்கச் சொன்னார். வைத்தவர் ஹெட் கிளார்க்தான். வேலை நிலைத்தது. தவறிப்போன மூன்று ஊர்களுக்கும் விடியற்காலையில் போய் நின்று, ஒரு தலை விடாமல் எழுதிக்கொண்டு வந்தோம். எங்கள் ஊர் கடைசியில் ஆந்திராவிலேயே நின்றது. வீட்டில் தமிழும் நின்றது.

பம்புக்குப் புது வால்வு இரண்டு மாதம் கழித்து வந்தது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினாலும் வண்டி கிளம்பும். நான் கிழக்கே திருப்பவில்லை. மேற்கே நிறுத்தி, மேற்கேயே நின்று கற்பூரம் காட்டினேன். ஓய்வு பெறும் வரை என் கையில் வந்த எல்லா வண்டியும் அப்படித்தான் நின்றது.

ஹெட் கிளார்க் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து முற்றத்துக்கு வருவார், என்னிடம் தமிழில் பேசுவார், வீட்டு விஷயம், பிள்ளைகள் விஷயம், எல்லாம் தணிந்த குரலில். நான் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி தமிழிலேயே பதில் சொல்வேன். ஒரு நாள் பொறுக்காமல், "கொஞ்சம் மெல்லப் பேசுய்யா," என்றார்.

"வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார், உரக்கச் சொல்லுங்க," என்றேன். வண்டி அப்போது அணைந்து, மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது.